காந்தப் புயல் பூகம்பத்தைச் சொல்லுமா?

(நாஞ்சில் நாட்டுக் கடற்கரை ஊரொன்றில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் ஜாதியைப் பற்றியதோ, கோவிலைப் பற்றியதோ, புராணத்தைப் பற்றியதோ அல்ல. சூரியனில் உண்டாகும் கொந்தளிப்பினால் பூமியில் காந்தப் புயல் உண்டாகிறதே, அந்தப் புயலைக் கொண்டு பூகம்பம் வருவதை முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா என்பதைப் பற்றியதாகும். இதற்கும் நமது இயக்கத்திற்கும் என்ன சம்பந்தம் என்று சிலருக்குத் தோன்றலாம். சம்பந்தம் இருக்கிறது. ஏனெனில், ஜோசியன் சொல்வதை நம்பக்கூடாது என்று இத்தனை காலமாகச் சொல்லிவந்த நாம், அதே ஜோசியன் சட்டை மாட்டிக்கொண்டு, வாயில் நாலு விஞ்ஞான வார்த்தைகளையும் போட்டுக்கொண்டு வந்தால், ஆளை அடையாளம் கண்டுகொள்ளுகிறோமா இல்லையா என்பதற்கு இது ஒரு பரீட்சையாகும்.

நமது தோழர்களிலேயே பஞ்சாங்கத்தைக் கையால் தொடாதவர்கள், ராகு காலத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்கள், "சூரியனில் பெரும்புயல்; மூன்று நாளில் பூகம்பம்; கடலோரத்தார் ஜாக்கிரதை" என்று செல்போனில் ஒரு சேதி வந்தால் அதைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார்கள். கேட்டால், "இது சாஸ்திரம் அல்ல, சயன்ஸ்" என்கிறார்கள். சயன்ஸ் என்று பேர் வைத்துவிட்டால் பொய் மெய்யாகிவிடுமா என்று கேட்கின்றோம். பேர் மாறினால் போதுமென்றால் சனீஸ்வரனுக்கும் ஒரு இங்கிலீஷ் பேர் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கலாமே!

நாம் இந்த விஷயத்தில் பட்டம் பெற்றவரல்ல. ஆராய்ந்தவர்கள் எழுதியிருப்பதைப் படித்து, நம் அறிவுக்கு எட்டியதைச் சொல்லுகிறோம். ஆகையால் நாம் சொல்லுவதையும் நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நம்பிவிட வேண்டாம். கேட்டு, யோசித்து, உங்களுக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

காந்தப் புயல் என்பது என்ன?

பூமி ஒரு பெரிய காந்தம். அதனால்தான் கடலுக்குப் போகிறவன் கையிலுள்ள திசைகாட்டியின் ஊசி வடக்கு நோக்கி நிற்கிறது. சூரியன் சும்மா எரிந்துகொண்டிருக்கும் விளக்கல்ல. அதன் மேனியில் சில காலங்களில் கரும்புள்ளிகள் மிகுந்தும், சில காலங்களில் குறைந்தும் காணப்படுகின்றன. சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை இந்த ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வருகின்றன. புள்ளிகள் மிகுந்த காலங்களில் சூரியன் மின்சாரமேறிய துகள்களைப் பெரும் பெரும் திரள்களாக ஆகாயத்தில் வீசி எறிகிறது. அந்தத் திரள் பூமியின் பக்கமாக வந்தால், ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் நம்மை எட்டிப் பூமியின் காந்த சக்தியைக் கலக்குகிறது. திசைகாட்டி ஊசி சிறிது தடுமாறுகிறது. இதைத்தான் காந்தப் புயல் என்கிறார்கள். புயல் என்றதும் ஓலைக் கூரை பறப்பதாக நினைக்க வேண்டியதில்லை. காற்றும் இல்லை, மழையும் இல்லை. ஊசியைப் பாராதவனுக்கு ஒன்றுமே தெரியாது.

ஆனால் அதனால் நஷ்டமே இல்லையென்று சொல்ல வரவில்லை. 1859-ம் வருஷம் செப்டம்பரில் அடித்த காந்தப் புயலில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகள் தாமாகவே பொறி கக்கின. பம்பாய்க் கொலாபாவில் இருந்த ஆராய்ச்சிச் சாலையில் அந்தப் புயலின் அளவு எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. 1989-ம் வருஷம் மார்ச்சு 13-ந் தேதி கானடா தேசத்துக் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் ஜனங்கள் சுமார் 9 மணி நேரம் மின்சாரமின்றி இருட்டில் இருந்தார்கள். ஆகவே காந்தப் புயலுக்கு உண்மையிலேயே பகையானவை நீண்ட கம்பிகளும், மின்சார நிலையங்களும், ஆகாயத்தில் சுற்றும் செயற்கைச் சந்திரன்களுமாகும். பாறையல்ல.

அகத்தியர் மலை சொல்லும் பாடம்

இந்த ஊசி விஷயத்தில் நமது தென்கோடிக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. அகத்தியர் கதை மாத்திரம் எல்லோருக்கும் தெரியும். கைலாயத்தில் சிவனுக்கும் பார்வதிக்கும் கல்யாணம் நடந்ததாம். முப்பத்து முக்கோடி தேவர்களும் அங்கே கூடிவிட்டதால் வடக்குத் தாழ்ந்து தெற்கு உயர்ந்துவிட்டதாம். உடனே குள்ள முனிவராகிய அகத்தியரைப் பொதிகை மலைக்கு அனுப்பிவைத்தார்களாம். அவர் வந்து உட்கார்ந்ததும் பூமி சமமாகிவிட்டதாம். முப்பத்து முக்கோடிப் பேருடைய கனத்துக்கு ஒரு குள்ள முனிவருடைய கனம் ஈடாயிற்று என்றால் அது என்ன தராசு என்று நம்மில் ஒருவனாவது கேட்டானா?

அதே மலைக்கு, நூற்றெழுபது வருஷங்களுக்கு முன், வேறொரு மனிதர் போனார். ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1852-ல் திருவனந்தபுரம் ஆராய்ச்சிச் சாலைக்கு அதிகாரியாக வந்தவர். அப்போது நமது நாஞ்சில் நாடும் திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்ததென்பது உங்களுக்குத் தெரியும். அவர் 6,000 அடிக்கு மேல் உயரமுள்ள அகத்தியர் மலை உச்சியில், 1855-ம் வருஷ வாக்கில், ஒரு சிறு ஆராய்ச்சிச் சாலை கட்டி, அதில் காந்த ஊசியை வைத்து, அது எந்த நேரத்தில் எவ்வளவு அசைகிறதென்று எழுதிவரச் செய்தார். ஊசியின் கலக்கம் சுமார் 26 நாட்களுக்கு ஒருமுறை திரும்பி வருவதையும், அது சூரியன் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் காலத்தோடு ஒத்துப்போவதையும் கண்டு எழுதினார். தோழர்களே! அகத்தியர் மலையிலே போய் உட்கார்ந்து பூமியைச் சமப்படுத்தினார் என்று கேட்டு நாம் கையெடுத்துக் கும்பிட்டோம். இவர் அதே மலையிலே போய் அளந்தார், அளந்ததை எழுதினார், எழுதியதை எவனும் சோதித்துப் பார்க்கலாம் என்று அச்சிட்டு வெளியிட்டார். புராணத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

அந்த வேலை இன்றும் நடக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நமது தென்கோடிக்குப் பக்கத்தில் போகிறபடியால், சுமார் 65 மைல் உயரத்தில், நம் தலைக்கு மேலேயே, பகல் வேளையில் ஒரு பெரிய மின்சார ஓட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. அதை அளப்பதற்காகத் திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்த ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு சாலை வைத்திருக்கிறார்கள். ஆகவே காந்தப் புயலைப் பற்றி உண்மை தெரிய வேண்டுமானால் நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் போதும்.

பூமி ஏன் அதிர்கிறது?

இனிப் பூமிக்குக் கீழே போவோம். பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. பெரும் பெரும் பலகைகளாக இருக்கிறது. அவை வருஷத்துக்குச் சில அங்குலம் வீதம் நகருகின்றன. ஒன்றோடொன்று மோதும் இடத்தில் நகர முடியாமல் சிக்கிக்கொண்டு, நூற்றுக்கணக்கான வருஷம் விறைப்பேறி, பிறகு ஒருநாள் தாங்கமாட்டாமல் வழுக்கிவிடுகின்றன. அதுதான் பூகம்பம். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுமத்ராவுக்கு அருகில் சுமார் 18 மைல் ஆழத்தில் தொடங்கிய வழுக்கல், வடக்கே அந்தமான் வரை சுமார் 800 மைல் நீளத்துக்கு ஓடியது. அதன் அளவு 9.1 என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு பெரிய காரியத்தை ஒரு காந்தப் புயல் செய்துவிடுமா என்று பாருங்கள். நமது பக்கத்தில் பூமியின் காந்த பலம் 40,000 பங்கு என்று வைத்துக்கொண்டால், 2024-ம் வருஷம் மே மாதம் அடித்த மாபெரும் புயலில் குறைந்தது சுமார் 400 பங்கு. அதாவது நூற்றில் ஒன்று. குழந்தைகள் விளையாடும் காந்தத் துண்டைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அதைவிட எத்தனையோ மடங்கு கலக்கம் உண்டாகும். மேலும், பாறையில் காந்தத் தன்மைக்குக் காரணமான இரும்புச் சத்து சுமார் 580 டிகிரி சூடேறினால் காந்தத்தை இழந்துவிடுகிறது. பூமிக்குள் ஆழம் போகப்போகச் சூடு ஏறிக்கொண்டே போகிறது.

சந்திரனுடைய இழுப்பைப் பாருங்கள். அது தினம் இரண்டு தடவை கடல் தண்ணீரையே ஏற்றி இறக்குகிறது. அந்தத் தண்ணீரின் பாரம் கடலடித் தரைமேல் ஏறி இறங்குகிறது. அப்படியிருந்தும் பூகம்பம் வருகிற நேரத்தை அது மாற்றுவது மிகமிகச் சொற்பம் என்றுதான் ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். கடலைத் தூக்கும் கையே பாறையை அசைக்கத் திணறும்போது, ஊசியை ஆட்டும் விரல் அசைத்துவிடும் என்பது எப்படி?

பூம்பூம் மாட்டுக் கணக்கு

"அப்படியானால், புயல் அடித்த மூன்றாம் நாளே பூகம்பம் வந்ததாகக் காட்டுகிறார்களே, அது பொய்யா?" என்று கேட்பீர்கள். பொய்யல்ல. அதைவிட மோசமானது. அது பூம்பூம் மாட்டுக்காரன் கணக்கு.

பூம்பூம் மாட்டுக்காரனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "இந்த வீட்டுக்கு நல்ல காலம் வருமா?" என்கிறான், மாடு தலையை ஆட்டுகிறது. ஆடி மாதத்தில் "காற்றடிக்குமா?" என்று கேட்டால் எந்த மாடு தலையாட்டினாலும் அது பலித்துத்தான் தீரும். அதற்கு மாட்டுக்கு ஞானம் வேண்டியதில்லை.

உலகத்தில் 6-ம் அதற்கு மேலுமான அளவுள்ள பூமி அதிர்ச்சிகள் வருஷத்துக்குச் சராசரி 130-க்குக் குறையாமல் வருகின்றன. அதாவது வாரத்துக்கு இரண்டுக்கு மேல். 5-க்கு மேற்பட்டவை வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல். நாளைக்கு மூன்று நாலு வீதம். ஆகவே "இன்று சூரியப் புயல், ஒரு வாரத்திற்குள் உலகத்தில் எங்கேயாவது பூகம்பம்" என்று ஒருவன் சொன்னால், அவன் தோற்பதற்கு வழியேது? "இன்று நாகர்கோவில் சந்தையில் வாழைக்காய் விற்றது, ஆகையால் ஒரு வாரத்திற்குள் பூகம்பம் வரும்" என்றாலும் பலிக்கும். வாழைக்காய்க்கும் பூகம்பத்திற்கும் சம்பந்தம் கண்டுபிடித்ததாக நாமும் பத்திரிகையில் எழுதிக்கொள்ளலாம்!

உண்மையான முன்னறிவிப்பு என்றால் அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும். எந்த ஊரில்? எந்த நாளில்? எவ்வளவு பலமாக? இம்மூன்றையும் முன்னாலே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, பலித்தது எத்தனை, பலிக்காதது எத்தனை என்று இரண்டையும் கணக்குக் காட்ட வேண்டும். காந்தப் புயலோ உலகம் முழுவதையும் ஏககாலத்தில் கலக்குகிற விஷயம். ஜப்பானுக்கும் அதே புயல், நமக்கும் அதே புயல். அது "எங்கே?" என்ற கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லும்? ஊர் முழுவதும் கேட்கிற தமுக்கு, யார் வீட்டில் திருட்டுப் போகும் என்று சொல்லுமா?

கணக்குப் பார்த்தவர்கள் கண்டது

இதை யாரும் சோதிக்காமல் விட்டுவிடவில்லை. அமெரிக்க நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த லவ், தாமஸ் என்ற இருவர், சூரியப் புள்ளி, சூரியக் காற்று, காந்தக் கலக்கம் ஆகிய மூன்றின் நீண்டகாலக் கணக்குகளையும் பெரும் பூகம்பங்களின் பட்டியலோடு ஒத்துப்பார்த்து, குறிப்பிடத்தக்க சம்பந்தம் எதுவும் இல்லையென்று 2013-ல் வெளியிட்டார்கள். 2020-ல் இத்தாலியர் சிலர், சூரியனிலிருந்து வரும் துகள்களின் நெருக்கத்திற்கும் பூமி அதிர்ச்சிகளுக்கும் சம்பந்தம் காணப்படுவதாக எழுதினார்கள். சம்பந்தம் மெய்தானா, தற்செயலா என்று அதன்மேல் விவாதம் எழுந்தது. விவாதம் நடக்கட்டும், விஞ்ஞானத்தில் வாயை அடைக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அது மெய்யென்றே வைத்துக்கொண்டாலும், எந்த ஊர் என்று சொல்லமாட்டாத சம்பந்தத்தை வைத்துக்கொண்டு குளச்சல்காரன் என்ன செய்வான்?

நீங்களே சோதிக்கக்கூடிய சில வருஷங்களைச் சொல்லுகிறோம். 2024-ம் வருஷம் சூரியன் உச்சத்தில் இருந்தது. மே 10, 11 தேதிகளில் அடித்த காந்தப் புயல் 2003-க்குப் பிறகு வந்தவைகளில் மிகப் பெரியது. லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில் வானமே சிவந்து காணப்பட்டது. அந்த வருஷம் முழுவதும் உலகத்தில் 8-ஐ எட்டிய பூகம்பம் ஒன்றுகூட இல்லை. 2008-ம் வருஷத்திலோ சூரியன் மிக அடங்கியிருந்தது. பெரும்பாலான நாட்களில் ஒரு புள்ளிகூட இல்லை. அந்த வருஷம் மே 12-ந் தேதிதான் சீனாவில் வென்சுவான் பூகம்பம் பல பதினாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று.

வேறொரு சங்கதியும் கவனிக்கத்தக்கது. பாறை நொறுங்கும் முன் அதிலிருந்து சிறு காந்தக் குறிகள் வெளிப்படக்கூடுமா என்று தேடுகிற விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். அது நியாயமான தேட்டம். இமயமலைச் சாரலில் குட்டூ என்ற இடத்தில் நமது தேசத்தாரும் அதற்காகக் கருவிகள் வைத்திருக்கிறார்கள். 1989-ம் வருஷம் அக்டோபர் 17-ந் தேதி காலிபோர்னியாவில் லோமா பிரியேட்டா பூகம்பம் நடந்தபோது, அதற்கு முன் அருகிலிருந்த கருவியில் காந்தக் கலக்கம் பதிவாகியிருந்ததாகப் பெரிய பரபரப்பு உண்டாயிற்று. இருபது வருஷங்களுக்குப் பிறகு மற்றவர்கள் அதே பதிவுகளைத் திரும்பச் சோதித்து, அது பூமியின் குரலல்ல, கருவியின் கோளாறும் சூரியனால் உண்டான கலக்கமும் காரணமாகலாம் என்று காட்டினார்கள். ஆகவே, பூமியின் முணுமுணுப்பைக் கேட்க விரும்புகிறவனுக்குக் காந்தப் புயல் உதவியல்ல, இடையூறு. சந்தை இரைச்சலில் நின்று ரகசியம் கேட்பது போன்றது அது. நம்மிடம் செல்போனில் வருகிறவனோ அந்த இரைச்சலையே ரகசியம் என்று விற்கிறான்!

பழைய ஜோசியமும் புதிய ஜோசியமும்

பூகம்பத்துக்குக் காரணம் கற்பிப்பது நமது தேசத்தில் புதிதல்ல. 1934-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி பீகாரிலும் நேப்பாளத்திலும் பூகம்பம் உண்டாகிப் பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். தோழர் காந்தியார் அப்போது நமது பக்கத்தில்தான் சுற்றுப்பிரயாணத்தில் இருந்தார். ஜனவரி 24-ந் தேதி திருநெல்வேலியில் பேசும்போது, அது தீண்டாமைப் பாவத்துக்காகக் கடவுள் கொடுத்த தண்டனை என்று சொன்னார். இப்படிச் சொல்வது மூட எண்ணத்தை வளர்க்கும் என்று கவி தாகூரே மறுத்து எழுத நேர்ந்தது.

தீண்டாமை அக்கிரமம்தான். அதைச் சொல்லப் பூகம்பம் வரவேண்டியதில்லை. அந்தப் பூகம்பத்தில் தீண்டினால் குளித்தவன் மாத்திரமா செத்தான்? தீண்டப்படாதவனும், அவன் குழந்தையும் சேர்ந்தல்லவா செத்தார்கள்? குற்றவாளியையும் குற்றத்துக்கு ஆளானவனையும் ஒரே சுவரில் போட்டு நசுக்குவது என்ன நீதி? நமது சுசீந்திரத்தில் கோவில் தெருவில் நடக்க உரிமை கேட்டு 1926-ல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1936-ல் திருவாங்கூர்க் கோவில்கள் எல்லோருக்கும் திறக்கப்பட்டன. பூமி அதிர்ந்ததனாலா திறந்தன? மனிதர்கள் நின்று போராடியதனால் திறந்தன.

இன்னொரு வேடிக்கை, 1934-ம் வருஷத் தொடக்கத்தில் சூரியன் தன் 11 வருஷ ஏற்ற இறக்கத்தில் ஏறக்குறைய அடிமட்டத்தில் இருந்தது. ஆகவே பீகார்ப் பூகம்பத்துக்குப் பாவமும் பொருந்தவில்லை. சூரியப் புள்ளிக் கதையும் பொருந்தவில்லை.

1962-ம் வருஷம் பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் கூடுகின்றன, உலகமே அழியும் என்று கிளப்பிவிட்டார்கள். நாடெங்கும் யாகம், ஓமம், நெய், தட்சணை. நாள் வந்தது, போயிற்று. உலகம் இருந்தது. நெய்தான் போயிற்று. சரி, அது நமது புரோகிதர்கள் வேலை என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைக்காரர் இருவர் 1974-ல் "வியாழன் விளைவு" என்று பொருள்படும் பேரில் ஒரு புஸ்தகம் எழுதினார்கள். 1982-ல் கிரகங்கள் ஒரு பக்கமாகச் சேரும். அதனால் சூரியன் கலங்கும். சூரியப் புயல் கிளம்பும். அது பூமியின் சுழற்சியைத் தாக்கும். காலிபோர்னியாவில் பெரும் பூகம்பம் வரும் என்றார்கள். 1982-ம் வருஷமும் வந்தது, போயிற்று. சொன்ன பூகம்பம் வரவில்லை. எழுதியவர்களில் ஒருவரே பிற்பாடு அது தப்பென்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது யோக்கியமான காரியம். எந்தப் பஞ்சாங்கக்காரனும் இதுவரை செய்யாத காரியம். ஆனால் 1962-ம் வருஷ யாகத்துக்கும் 1982-ம் வருஷப் புஸ்தகத்துக்கும் வித்தியாசம் எவ்வளவு? ஒன்றில் பூணூல், மற்றொன்றில் கழுத்துப்பட்டி. இவ்வளவுதானே!

நமது கரையில் நடந்தது

இதெல்லாம் வெறும் தர்க்கத்துக்காகப் பேசவில்லை. இந்தக் கரையில் உட்கார்ந்துகொண்டு நாம் விளையாட்டாகப் பேச முடியாது. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி காலை 6 மணி 29 நிமிஷத்துக்குச் சுமத்ராவில் பூமி அதிர்ந்தது. சுமார் 1,300 மைல் கடலைத் தாண்டி, இலங்கையைச் சுற்றி வளைந்து, அலை நமது குமரிக் கரைக்கு வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று ஊர்களின் பேரைச் சொன்னாலே இங்கே பல தாய்மார்கள் தலை குனிகிறார்கள். இந்த ஜில்லாவில் மாத்திரம் ஏறத்தாழ 800 உயிர்கள் போயின. பழையாற்று முகத்துவாரத்தில் இருந்த மணக்குடிப் பாலத்தையே அலை பெயர்த்து எறிந்தது.

அப்போதும் சிலர் இது பாவத்தின் பலன் என்றார்கள். சாகிற வயதா அந்தக் குழந்தைகளுக்கு? பாவம் செய்கிற வயதா? இப்போது சிலர், அதற்கு முந்தின நவம்பர் 7-ந் தேதி முதல் 10-ந் தேதி வரை பெருங் காந்தப் புயல் அடித்ததே, அதுதான் எச்சரிக்கை என்கிறார்கள். நவம்பர் 10-க்கும் டிசம்பர் 26-க்கும் நடுவே ஆறு வாரத்துக்கு மேல் இருக்கிறது. ஆறு வாரம் கரையைக் காலி செய்து மேட்டில் போய் உட்கார முடியுமா? ஒவ்வொரு புயலுக்கும் அப்படி ஓடினால் வலை எப்போது நனைவது? அடுப்பு எப்போது எரிவது?

பொய் முன்னறிவிப்பு என்ன செய்யும் என்பதையும் அதே வாரத்தில் கண்டோம். டிசம்பர் 30-ந் தேதி, மறுபடியும் அலை வரக்கூடும் என்று மத்திய சர்க்காரின் உள்துறையிலிருந்தே எச்சரிக்கை வந்தது. தமிழ்நாட்டுக் கடற்கரை நெடுகிலும் ஜனங்கள் குழந்தை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிணம் எடுக்கிறவர்களும், கஞ்சி ஊற்றுகிறவர்களும் வேலையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அலை வரவில்லை. பிறகு விசாரித்தால், பூகம்பத்தை முன்கூட்டிச் சொல்ல முடியும் என்று கூறிக்கொண்ட அமெரிக்கத் தனியார் கம்பெனி ஒன்றின் பேச்சை நம்பி வந்த எச்சரிக்கை அது என்று தெரிந்தது. விஞ்ஞான இலாகா மந்திரி கபில் சிபல் அதை ஆதாரமற்ற பேச்சு என்று தள்ளினார். தோழர்களே! புண்ணின்மேல் விழுந்த அடி அது. படித்தவர்கள் நிறைந்த டில்லியே ஏமாறும்போது, மணக்குடிக் கரையிலுள்ளவன் ஏமாந்தான் என்று நாம் சிரிக்க முடியாது. சயன்ஸ் என்ற பேருக்கு முன்னால் கேள்வி கேட்கப் பயந்ததுதான் அங்கேயும் குற்றம்.

பின்னே எதுதான் காப்பாற்றும்?

"பூகம்பத்தை முன்கூட்டிச் சொல்லவே முடியாதென்றால் நாம் சாகவேண்டியதுதானா?" என்று கேட்பீர்கள். அல்ல. இங்கேதான் நமது ஜனங்கள் ஒரு பெரிய வித்தியாசத்தைக் காணத் தவறிவிடுகிறார்கள். பூமி அதிருமுன் சொல்வது வேறு. அதிர்ந்த பிறகு அலை வருமுன் சொல்வது வேறு. முதலாவது இன்று எவனாலும் ஆகாது. சீனத்தில் 1975-ல் ஹைசெங் நகரத்தில் முன்னதாகச் சிறு அதிர்ச்சிகள் கூட்டமாக வந்ததைக் கண்டு ஜனங்களை வெளியேற்றிப் பலரைக் காப்பாற்றினார்கள். உலகமே கொண்டாடிற்று. அடுத்த வருஷம், 1976 ஜூலை 28-ந் தேதி, டாங்ஷான் நகரத்தில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் 2,40,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஒருமுறை வாய்த்தது மறுமுறை வாய்க்கவில்லை.

இரண்டாவதோ இன்று நடக்கிற காரியம். 2004-ல் பூமி அதிர்ந்ததற்கும் நமது கரையில் அலை ஏறியதற்கும் நடுவே இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாத அவகாசம் இருந்தது. அவ்வளவு நேரத்தில் கைக்குழந்தையோடு நடந்தே தப்பியிருக்கலாம். சொல்லுகிறவர்தான் இல்லை. இப்போது ஹைதராபாத்தில் 2007-ம் வருஷம் முதல் அதற்கென்று ஒரு நிலையம் இரவு பகல் வேலை செய்கிறது. 2012-ம் வருஷம் ஏப்ரல் 11-ந் தேதி சுமத்ராப் பக்கத்தில் 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது, சில நிமிஷங்களுக்குள் அந்த நிலையத்திலிருந்து எச்சரிக்கை பறந்தது. அந்தத் தடவை பாறை பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழும்பவில்லை.

கருவி இல்லாத இடத்திலும் அறிவு காப்பாற்றியதுண்டு. சுமத்ராவை அடுத்த சிமெயுலு என்ற தீவில், 1907-ல் பேரலையில் ஏராளமானவர்களை இழந்தவர்கள், "பூமி பலமாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு" என்று தங்கள் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிவைத்தார்கள். 2004-ல், அதிர்ச்சி பிறந்த இடத்துக்கு மிக அருகில் இருந்தும், சுமார் 78,000 பேருள்ள அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர்தான். தாய்லாந்துக் கடற்கரையில் பத்து வயது இங்கிலீஷ் சிறுமி ஒருத்தி, பள்ளிக்கூடத்தில் இரண்டு வாரத்துக்கு முன் படித்த பூகோளப் பாடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு, கடல் நுரைத்துப் பொங்கியதைக் கண்டு கூச்சலிட்டுச் சுமார் நூறு பேரைக் கரையிலிருந்து ஓடச் செய்தாள். அன்று பல கரைகளில் கடல் உள்வாங்கியபோது, ஜனங்கள் அதை வேடிக்கை பார்க்க இறங்கிப் போனார்கள். பூகோளப் பாடத்தில் ஒரு பக்கம் தெரிந்திருந்தால் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள்! நமது பிள்ளைகளுக்கு அகத்தியர் பூமியைச் சமப்படுத்திய கதை தெரியும். அலை வருமுன் கடல் உள்வாங்கும் என்பது தெரியாது. இந்தப் படிப்பு யாரைக் காப்பாற்றும்?

ஆகவே தோழர்களே, நாம் செய்ய வேண்டியதைச் சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.

ஒவ்வொரு கடற்கரை ஊரிலும் அபாயச் சங்கு இருக்கிறதா, இருந்தால் ஊதுகிறதா என்று பஞ்சாயத்தைக் கேளுங்கள். மேட்டுக்குப் போகும் பாதையை யார் வேலி போட்டு அடைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஒருநாளாவது ஓடிப் பழக்கம் கொடுக்கப் பள்ளிக்கூடத்தாரைக் கேளுங்கள். எளியவனுக்குக் கட்டிக்கொடுக்கும் வீடு எந்த லட்சணத்தில் இருக்கிறதென்று கண்ட்ராக்டரைக் கேளுங்கள். பூகம்பம் கொல்லுவதைவிட இடிகிற சுவர் கொல்லுவது அதிகம்.

காந்தப் புயல் வந்தால் பூகம்பம் வரும் என்று எவனாவது சேதி அனுப்பினால், "எந்த ஊர்? எந்த நாள்? எவ்வளவு? முன்பு நீ சொன்னதில் பலிக்காதவை எத்தனை?" என்று நாலு கேள்வி கேட்டு அனுப்புங்கள். பதில் வருகிறவரைக்கும் அதை வேறொருவருக்கு அனுப்பாதீர்கள். முறைப்படியான எச்சரிக்கை வந்தாலோ, பூமி நீண்ட நேரம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு விரோதமாக உள்வாங்கினாலோ, எந்தக் கேள்வியும் கேட்காமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுங்கள். பகுத்தறிவு என்பது எதையும் நம்பாமல் இருப்பதல்ல. எதை, எதற்காக நம்புகிறோம் என்று தெரிந்து நம்புவதாகும்.

பயம்தான் புரோகிதனுடைய முதல். அந்த முதலை நாம் கொடுக்காவிட்டால் பழைய ஜோசியனும் பிழைக்க முடியாது; புதிய ஜோசியனும் பிழைக்க முடியாது. இதை உங்கள் புத்திக்கே விட்டுவிடுகிறோம்.